பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவள்

நகப்பூச்சுப் புட்டியின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருக்கிறாள் கமலவேணி. இடது கையில் புட்டி, வலது கையில் புத்தம்புது ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுத் திறக்கக் கூடாதா என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "கீழ வெச்சா எது எதுன்னு கொழம்பிடும்" என்று சொல்லி முடித்தாயிற்று. மூடி திறந்ததும், டிஸ்க்கைத் தாங்கும் தட்டின் முகப்பில் சின்ன பிரஷ்ஷால் அந்த டிஸ்க்கின் வரிசை எண்ணில் கடைசி நான்கு எண்களை எழுதுகிறாள். செக்கச்செவேலென்ற எண்கள். உதட்டைக் குவித்து ஊதிக் காயவைக்கிறாள். பிறகு வரவேற்பு மேஜையில் இருக்கும் பாக்யலட்சுமியைக் கூப்பிடுகிறாள்.

"வாசி பாப்போம்."

"நாலு, ஏழு, ஒண்ணு, ஒம்போது."

"இன்னொரு தபா."

பாக்யலட்சுமி அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு தபா வாசிக்கிறாள். நோட்டில் எழுதியிருப்பதும் அவள் வாசித்ததும் ஒன்றாக இருந்தால்தான் டிஸ்க் சர்வருக்குள் போகும். தான் எழுதியதைத் தானே வாசித்தால் கண் ஏமாற்றிவிடும் என்பது கமலவேணியின் சட்டம். இன்னொருவர் உரக்க வாசிக்காமல் அந்த அறையில் ஒரு டிஸ்க் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

அவளுடைய நகங்களைப் பார்த்தால் ஒன்றில்கூடச் சிவப்பு இருக்காது. கைப்பையில் மட்டும் எப்போதும் ஒரு புட்டி இருக்கும். பெரிய மார்க்கெட்டில் வளையல் கடை வைத்திருக்கும் கிருஷ்ணசாமியிடம் இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்குகிறாள். இத்தனை பூச்சு வாங்குகிறவள் அழகு நிலையம் நடத்துகிறாள் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். "பார்லர் எப்பிடிம்மா போவுது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "நல்லாப் போவுதுண்ணா" என்பாள் இவள். அந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

ஏன் நகப்பூச்சு என்றால், அதற்கும் ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. செத்துப்போன மூன்று டிஸ்க்குகளை எடுத்து ஒன்றில் ஸ்டிக்கர் ஒட்டினாள், ஒன்றில் மார்க்கர் பேனாவால் எழுதினாள், ஒன்றில் நகப்பூச்சைத் தடவினாள். மூன்றையும் ஒரு கோடை முழுக்க சர்வரின் பின்பக்கச் சூட்டில் வைத்திருந்தாள். ஸ்டிக்கர் உரிந்து விழுந்தது. மார்க்கர் மங்கியது. நகப்பூச்சு வைத்தது வைத்தபடி இருந்தது.

கமலவேணிக்கு எதையும் எதோடாவது ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அவள் நோட்டில் எல்லாப் பக்கத்திலும் நடுவே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் 'வேகம்', அந்தப் பக்கம் 'நம்பிக்கை'. அவள் ஊர் கனகசெட்டிக்குளத்திலிருந்து காலாப்பட்டு வழியாகப் புதுச்சேரிக்கு வரும் மூன்று பஸ்களும் அதில் இருக்கின்றன. அம்மா அஞ்சலாட்சி மீன் கொண்டுபோகும் இரண்டு தெர்மோகோல் பெட்டிகளில் எது ஐஸைக் கூடுதல் நேரம் தாங்குகிறது என்பதும் இருக்கிறது. போன தையில் பெண் பார்க்க வந்த கடலூர்ப் பையனும் ஒரு பக்கத்தில் இருந்ததாக அஞ்சலாட்சி மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். "வேகம்னு போட்டு ரைட்டு அடிச்சிருக்கா. இன்னொரு பக்கம் வெறும் காலியா கெடக்குது. அப்பறம் எங்கருந்து கல்யாணம்?" என்று நண்டுகளை விலக்கிக்கொண்டே கேட்டாராம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவள் எதை எண்ணினாலும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவாள். வீட்டில் தோசை வைக்கும்போது "பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, போதும்மா" என்பாள். தட்டில் மூன்று தோசை இருக்கும். ஆபீஸ் மாடிப்படி மற்றவர்களுக்குப் பதினெட்டு, இவளுக்குப் பதினேழில் முடிந்துவிடும். இது வேடிக்கைக்காக வந்த பழக்கம் அல்ல. பட்ட இடத்தில் வந்தது.

பட்ட கதையைச் சொல்லாமல் இவளைப் பற்றிப் பேசவே முடியாது. முத்தியால்பேட்டையில் பலராமன் நடத்தும் கம்பெனிக்கு, வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் கட்டுரைகளை வாங்கி, பக்கம் அமைத்து, பிழை திருத்தித் திருப்பி அனுப்புவதுதான் தொழில். தொண்ணூறு பேர் காலையிலிருந்து மாலைவரை செய்யும் வேலை முழுக்க ஒரே சர்வரில் போய்ச் சேரும். 2002-இல், அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தாள் கமலவேணி. வயது இருபத்தாறு. துறுதுறுவென்று இருந்தாள். எதையும் யாரும் சொல்லுமுன் செய்துவிடுவாள். வந்த வினையே அதுதான்.

டிஸ்க் என்பது என்றைக்காவது சாகத்தான் போகிறது. அதனால் நாலைந்தைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, ஒன்று செத்தாலும் வேலை நிற்காதபடி செய்வார்கள். இந்தக் கட்டுக்கு ரெய்டு என்று பெயர். அப்போதிருந்த சர்வரில் நான்கு டிஸ்க். ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் எல்லாம் போச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் டிஸ்க் பழுது என்று திரை சொன்னது. கமலவேணி ஓடிப்போய் இடமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரண்டாவதை இழுத்துவிட்டாள். இயந்திரமோ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதற்கு இரண்டு என்றால் மூன்றாவது தட்டு. செத்தது உள்ளேயே இருக்க, உயிரோடு இருந்தது அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அதைத் திரும்பச் செருகி, திரை கேட்ட கேள்விக்கெல்லாம் 'எஸ்' அழுத்தினாள். கடைசிக் கேள்வி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்பது.

நகல் எடுத்து வைக்கும் டேப்பைத் தேடினார்கள். அது பதினோரு நாளாக ஓடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினோரு நாள் வேலையைத் தொண்ணூறு பேர் மறுபடி செய்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. பிழை திருத்தும் பிரிவின் தலைவி நிர்மலாதேவி, தங்கையின் வளைகாப்புக்குப் போக முடியாமல் அந்த ஞாயிறு ஒன்றில் ஈரல் நோய் பற்றிய கட்டுரையில் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். "எங்க நம்ம பதினோரு நாளு? இன்னும் வரலியா?" பெயர் ஒட்டிக்கொண்டது. ஐந்து வருடம் ஆகியும் உரியவில்லை.

பலராமன் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் சர்வர் அறையின் சாவியை வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அவரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். உள்ளே தனியாகப் போகக் கூடாது, யாராவது ஒருவர் கூட நிற்க வேண்டும். அப்படி நின்று நின்றுதான் பாக்யலட்சுமி எண் வாசிக்கப் பழகியது. நடந்தது யார் கேட்டாலும் கமலவேணி மறைக்க மாட்டாள். "தப்பு என்னுதுதான்" என்பாள். ஆனால் சாவி கேட்டு அந்த மேஜை முன்னால் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். ஐந்து வருடத்தில் அவள் கையில் ஒரு பைட்கூடத் தொலையவில்லை. அதை யாரும் எண்ணவில்லை.

2007 ஜூனில் கம்பெனிக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. பழைய சர்வர் அதைத் தாங்காது. சென்னையிலிருந்து செல்வகுமார் என்ற இன்ஜினியர் கறுப்புப் பெட்டியொன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, இடுப்பில் இரண்டு செல்போன். அந்தப் புது சர்வருக்குள் இருந்த நான்கு டிஸ்க்குகளையும் கட்டி மேய்ப்பதற்கென்றே தனியாக ஒரு கார்டு இருந்தது. "இத யாரும் தொடவே வேணாம் சார். எதுன்னாலும் ஒரு போன், நாங்க வந்துடுவோம்" என்று பலராமனிடம் சொன்னான். யாரும் தொட வேண்டாம் என்ற சொல் பலராமனுக்கு இனித்தது. அவர் கண் தன்னை அறியாமல் இழுப்பறைப் பக்கம் போனதைக் கமலவேணி பார்த்தாள்.

"சார், ஒரு வாரம் குடுங்க" என்றாள். "அதே மாதிரி நாலு டிஸ்க்கு குடுங்க. கார்டெல்லாம் வேணாம். லினக்ஸ் சாஃப்ட்வேரே கட்டும். ரெண்டு மெஷினும் ஒரே வேலைய செய்யட்டும். எது வேகம், எது தாங்குதுன்னு நீங்களே பாருங்க. நான் தோத்தா இந்த ரூம் பக்கமே வரல, ப்ரூஃப் டேபிள்ல உக்காந்துக்கறேன்."

"ஜெயிச்சா?" என்றார் பலராமன்.

"சாவி என்கிட்ட இருக்கணும் சார்."

பலராமன் சிரிக்கவில்லை. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தவர். மகனுக்கும் எதற்கும் சட்டென்று தலையாட்டாத பழக்கம். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "சரி, சனிக்கிழமை வரைக்கும்" என்றார். செய்தி பத்து நிமிடத்தில் மாடியெல்லாம் பரவியது. "ப்ரூஃப் டேபிள்ல எடம் இல்ல, சொல்லிட்டேன்" என்றார் நிர்மலாதேவி.

கமலவேணி நான்கு டிஸ்க்கையும் ஒரே கடையில் வாங்கவில்லை. இரண்டு புதுச்சேரியில், இரண்டு சென்னையில். ஒரே நாள் ஒரே இடத்தில் செய்தவை ஒன்றாகவே படுத்துவிடும் என்று பயம். அம்மாவும் அப்படித்தான், எவ்வளவு நல்ல மீனானாலும் ஒரே படகில் கூடையை நிரப்ப மாட்டார். செல்வகுமாரின் பெட்டி ரெய்டின் ஐந்தாம் முறையில் கட்டியது. மூன்று டிஸ்க் அளவுக்குச் சரக்கு, ஒரு டிஸ்க் அளவுக்குச் சரிபார்க்கும் கணக்கு. ஒன்று போனால் மீதி மூன்றையும் படித்து, கணக்குப் போட்டு இழந்ததை மீட்கும். கமலவேணி கட்டியது பத்தாம் முறை. எல்லாம் ஜோடி ஜோடி, ஒன்றில் எழுதுவது அதன் ஜோடியிலும் எழுதப்படும். ஒன்று போனால் ஜோடியைப் பார்த்துப் படியெடுத்தால் போதும். என்ன, இடம் பாதிதான் மிஞ்சும்.

செவ்வாய்க்கிழமை வேகப் பரீட்சை. கமலவேணி மண்ணைக் கவ்வினாள். பெரிய கோப்பைப் படிப்பதில் கறுப்புப் பெட்டி முந்தியது. அது போகட்டும். சின்னச் சின்னக் கோப்புகளை எழுதுவதில்தான் தன் கட்டு ஜெயிக்கும் என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள். அதிலும் பெட்டி இரண்டு மடங்கு வேகம். செல்வகுமார் இரண்டு செல்போனிலும் மாறி மாறிச் சிரித்துப் பேசினான். கமலவேணி நோட்டை எடுத்து, வேகம் என்ற பக்கத்தில் அவன் பெயரை ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். பொய்க் கணக்கு எழுத அவளுக்கு வராது.

அன்று மாலை பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். காலிக் கூடை காலடியில் இருந்தது.

"இன்னாடி மூஞ்சி தொங்குது?"

"தோத்துட்டேம்மா."

"யாராண்ட?"

"ஒரு பொட்டியாண்ட. இத எழுதுன்னு குடுத்தா, குடுத்து முடிக்கறதுக்குள்ள எழுதிட்டேன்னு சொல்லுது."

"எழுதிச்சா?" என்று கேட்டார் அஞ்சலாட்சி. அவருக்குப் பெட்டியும் தெரியாது, அது எழுதும் விதமும் தெரியாது. ஐஸ் போட்டாச்சு என்று சொல்கிற ஆட்களை முப்பது வருடமாகப் பார்த்தவர் வாயில் சும்மா வந்த கேள்வி. காலாப்பட்டு தாண்டியதும் கமலவேணி திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு, "அடச்சே!" என்றாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை காலை செல்வகுமார் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "இந்தக் கார்டுக்கு பேட்டரி எங்க சார்?"

செல்வகுமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... தனியா ஆர்டர் போடணும் மேடம். யூபிஎஸ்தான் இருக்குதே."

விஷயம் இதுதான். அந்தக் கார்டு எழுத வேண்டியதைத் தன் ஞாபகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, டிஸ்க்கில் எழுதுமுன்பே 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும். அதனால்தான் அந்த வேகம். நடுவில் கரண்ட் போனால் ஞாபகத்தில் இருந்தது போனதுதான். பேட்டரி இருந்தால் காப்பாற்றும். இல்லாமல் அப்படி ஓட்டுவது குருட்டுத் தைரியம். கமலவேணி தன் டிஸ்க்குகளில் அந்த மாதிரி ஞாபகத்தை முதல் நாளே அணைத்து வைத்திருந்தாள். அவை மெதுவாக ஓடியதற்குக் காரணம் அதுதான். பலராமனைக் கூட்டிவந்தாள். இரண்டு இயந்திரத்துக்கும் ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகளை எழுதக் கொடுத்து, நடுவில் இரண்டு ப்ளக்கையும் அவரையே பிடுங்கச் சொன்னாள். மறுபடி கிளப்பிப் பார்த்தபோது, கமலவேணியின் கட்டு எழுதியாச்சு என்று சொன்ன அத்தனையும் இருந்தன. கறுப்புப் பெட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளைக் காணோம்.

செல்வகுமார் முகம் சுண்டிப்போய் அந்த வசதியை அணைத்தான். வேகப் பரீட்சையை மறுபடி வைத்தார்கள். சின்னக் கோப்புகளில் பெட்டி பாதி வேகத்துக்குக் கீழே இறங்கி, கமலவேணியின் கட்டுக்குப் பின்னால் மூச்சு வாங்கியது. பெரிய கோப்பைப் படிப்பதில் அப்போதும் அதுதான் முதல். அதையும் கமலவேணி நோட்டில் எழுதினாள். அன்று சாயங்காலம் மாடிப்படியைப் பதினேழு என்று எண்ணி முடிக்காமலே இறங்கினாள், அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமைதான் கடைசிப் பரீட்சை. டிஸ்க் சாக வேண்டும், அதை மாற்ற வேண்டும், அதற்குள் வேலை நிற்கக் கூடாது. ஒரு நாள் உழைப்பை விளையாட்டுக்கு வீணாக்குவது பலராமனின் ரத்தத்தில் இல்லை. அதனால் அன்றைய நிஜமான வேலையையே பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் இன்னொன்றிலுமாகச் செய்தார்கள். எதில் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க டீம் அந்தப் புதுப் பொட்டியில செய்யுது. எனக்கு இன்னொரு பதினோரு நாள் வேணாம்மா" என்றார் நிர்மலாதேவி. கமலவேணி தலையைக் குனிந்துகொண்டு பெயர்ப் பட்டியலை எழுதினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பலராமன் தன் அறையில் உட்கார்ந்து, கமலவேணி தாளில் எழுதிக் கொடுத்த கட்டளையைத் தட்டினார். எந்த டிஸ்க்கைச் சாகடிப்பது என்பது அவர் இஷ்டம். அவளுடைய திரையில் டிஸ்க் செத்த செய்தி ஈமெயில் கடுதாசியாக வந்து விழுந்தது. செத்த டிஸ்க்கின் எண்ணைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், தட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். "பாக்யா, வாசி." பாக்யலட்சுமி இரண்டு தபா வாசித்தாள். பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. ஜோடியைப் பார்த்துப் படியெடுக்கும் வேலை தொடங்கியது. மாடியில் அவள் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்த யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது கறுப்புப் பெட்டி. பலராமன் தன் அறையிலிருந்தே பட்டனைத் தட்டி அதிலும் ஒரு டிஸ்க்கைச் சாகடித்ததும் பெட்டி வீலென்று அலறத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குச் செல்வகுமாரே தயாராக இல்லை. மாடியில் பக்கங்கள் உறைந்து நின்றன. நிர்மலாதேவி தடதடவென்று இறங்கி வந்து சர்வர் அறை வாசலில் நின்றார். "இன்னா ஆச்சி? ஒரு பக்கம் தெறக்கவே ஒரு நிமிஷம் ஆவுது!" செல்வகுமார் திரையைப் பார்த்தான். 'இரண்டாம் டிஸ்க் பழுது' என்றிருந்தது. பழுதானதைக் காட்ட வேண்டிய சிவப்பு விளக்கு எந்தத் தட்டிலும் எரியவில்லை. அவசரத்தில் பூட்டியபோது அதற்கான வயரை மாட்ட விட்டுப்போயிருந்தது. பெட்டி அலறுகிறது, வாசலில் நிர்மலாதேவி முறைக்கிறார், இடுப்பில் ஒரு செல்போன் அடிக்கிறது. அவன் குனிந்தான். விரல் ஒன்று, இரண்டு என்று நகர்ந்து இரண்டாவது தட்டின் கொக்கியைத் தூக்கியது.

கமலவேணிக்கு அந்த விரல் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் அது அவளுடைய விரல். அவன் இன்னும் ஒரு அங்குலம் இழுத்தால் பெட்டி செத்தது, அவள் ஜெயித்தாள். சும்மா நின்றிருந்தால் போதும். அந்த ஆசை அவளுக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் அவள் கை போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"சார், இருங்க! பூஜ்யத்துலருந்து எண்ணுங்க."

செல்வகுமார் திகைத்து நிமிர்ந்தான்.

"எண்ணுங்க சார், வாய் விட்டு."

"பூஜ்யம்..." என்றான். "ஒண்ணு..." அவன் கை இருந்த இடம் அது. முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு."

"அதான். மூணாவது தட்டு. மத்த மூணுலயும் பச்ச லைட்டு மினுக்குது பாருங்க, இதுல மட்டும் அசையல. இப்ப இழுங்க."

செத்தது வெளியே வந்து புதியது உள்ளே போனதும் பெட்டியின் அலறல் நின்றது. வாசலிலிருந்து நிர்மலாதேவி கேட்டார். "அவர் கை வெச்சாரே, அத இழுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

கமலவேணிதான் சொன்னாள். "ஒண்ணுமில்லக்கா. காலையிலருந்து நீங்க செஞ்சதெல்லாம் போயிருக்கும்." பிறகு செல்வகுமாரைப் பார்த்து மெதுவாக, "உங்களுக்கு வேணாம் சார் அந்தப் பேரு" என்றாள். எந்தப் பேர் என்று செல்வகுமாருக்குப் புரியவில்லை. நிர்மலாதேவிக்குப் புரிந்தது. அப்படியே திரும்பி மாடியேறிப் போனார்.

அதற்குப் பிறகு பரீட்சையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கமலவேணியின் கட்டு ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முழுசாகிவிட்டது. நான்கு டிஸ்க்கும் நலம் என்பதற்கு லினக்ஸ் காட்டும் நான்கு எழுத்துகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றபோது, அவள் பாக்யலட்சுமியின் இரண்டு தோளையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். கறுப்புப் பெட்டி ஒன்பது மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, மூன்று டிஸ்க்கையும் புரட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தது. அதில் வேலை செய்தவர்கள் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்தார்கள். நாலு மணிக்கு நிர்மலாதேவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கமலவேணி! எங்க டீமையும் உன் மெஷினுக்கு மாத்திக் குடு. இதுல குப்ப கொட்ட முடியல."

ஆபீஸ் முழுக்க ஒரு கணம் கீபோர்டுச் சத்தம் நின்றது. ஐந்து வருடத்தில் அந்த வாயிலிருந்து அவள் சொந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. கமலவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. "தோ வரேங்க்கா" என்று சத்தமாகச் சொல்லி அதை மறைத்துக்கொண்டாள்.

பலராமன் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கமலவேணி நோட்டை விரித்து வைத்தாள். வேகம், நம்பிக்கை. பெட்டி ஜெயித்த இடத்தில் பெட்டி, தன் கட்டு ஜெயித்த இடத்தில் கட்டு. பலராமன் நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று செல்வகுமாரைக் கேட்டார்.

செல்வகுமார் விற்க வந்தவன். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "அவங்க கட்டுனதையே வெச்சுக்கங்க சார்" என்றான். "அவங்களையும் விட்டுடாதீங்க."

பலராமன் இழுப்பறையைத் திறந்தார். சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரும்போது மட்டும் சொல்கிற பிரெஞ்சு நன்றியைச் சொன்னார். "மெர்சி, கமலவேணி." பிறகு எழுந்து, செல்வகுமாரை டீ குடிக்க அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கமலவேணி தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் பொறுப்பில் இருக்கும் எதுவும் எண் இல்லாமல் இருக்காது. டிஸ்க், யூபிஎஸ் பேட்டரி, ப்ளக், சாப்பாட்டு டப்பாவின் மூடிகூட. சாவியை வலது கையில் பிடித்துக்கொண்டாள். கீழே வைக்கவில்லை. இடது கையால் பையைத் துழாவிப் புட்டியை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திருகினாள். பிரஷ்ஷின் நுனியைப் புட்டியின் கழுத்தில் ஒருமுறை வழித்துவிட்டு, சாவியின் தலையில் சிவப்பாக ஒரு பூஜ்யம் போட்டாள். உதட்டைக் குவித்து ஊதினாள்.

"பாக்யா," என்று கூப்பிட்டாள், "இத வாசி."